என் மந்திரக்காரிக்கு வந்த மாமியார்

அந்த நாவலை எழுதியபோது பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சர்க்யூட் போர்டில் ஈயம் ஒழுங்காகப் பற்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்கிறேன் என்று அண்ணி சொல்வாள். சொல்லட்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நீலசந்திராவில் ஒரு மாடிப் போர்ஷனில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன்.

கதை இதுதான். ஒரு தீவில் உப்பு விற்கிற ஒருத்தி. அவளிடம் ஒரு முறம். அதில் உட்கார்ந்தால் பறக்கும். அவளுக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்கிற ஆள் தவளையாகிவிடுவார். ஆனால் பொய்க் கோபம் பலிக்காது. ஒரு கிழ அரக்கி மழையைத் திருடி ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மந்திரக்காரி பேசுகிற ஆடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு கடல் கடலாகத் தேடிப் போய், கடைசியில் அரக்கியைத் தவளையாக்கி, ஜாடியை உடைத்து, முறத்தில் ஏறி அடுத்த தீவுக்குப் போய்விடுகிறாள். சிரிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். காதல் கிடையாது, கல்யாணம் கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு பஜ்ஜி சுட்டுச் சுட்டு அந்தச் சங்கதியே எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

சென்னையில் பாக்கெட் நாவல் போடுகிற ஒருவருக்கு அனுப்பினேன். போட்டார். அட்டையில் துப்பாக்கி பிடித்த ஒரு பெண் நின்றாள். என் கதையில் துப்பாக்கியே இல்லை. கேட்டதற்கு, "படம் ரெடியா இருந்துச்சும்மா" என்றார். இரண்டாவது கதையைப் பற்றிக் கேட்டேன். மந்திரக்காரி நிழல்களை விற்கிற தீவுக்குப் போவதைப் பாதிவரை எழுதி வைத்திருந்தேன். "மொதல்ல இது எப்படிப் போவுதுன்னு பாக்கலாம். பெங்களூர்ல ஓடிச்சின்னா அடுத்தது போடறேன்" என்றார். அந்த இரண்டாவது புத்தகம் அச்சில் வர வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

முதலில் படித்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் என்னோடு வருகிறவர்கள். ஒரே பிரதி சீட்டு சீட்டாகச் சுற்றியது.

"ஹீரோ எப்ப வருவான் வருவான்னு பாத்துட்டே இருந்தேன், புக்கே முடிஞ்சிடுச்சுக்கா" என்றாள் ஜன்னலோரம் உட்காருகிறவள்.

"ஹீரோ இல்லடி. அதான் கதை."

"இல்லாம எப்படி? ஆடாவது ராஜகுமாரனா மாறும்னு நெனச்சேன்."

பின் சீட்டிலிருந்த இன்னொருத்தி, "ஆடு நல்லா பேசுதுக்கா. ஆனா தீவுல அத்தினி பேரு பசியோட இருக்காங்க, அத ஒருத்தனும் வெட்டலயே. அது மட்டும்தான் நம்பற மாதிரி இல்ல" என்றாள். முறம் பறப்பதை நம்பிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவர்கள் படித்தது நான் எழுதிய புத்தகம், அதனால் அவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. ஒரே ஒரு அறை. நடத்தியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாக்கெட் நாவல் மெல்லிசு தாளில் வரும், நாலு கை மாறினால் கிழிந்துவிடும். அதனால் அவர் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு நாவல்களைச் சேர்த்து ஒன்றாகத் தைத்து, தடித்த அட்டையும் காலிக்கோ துணியும் ஒட்டி வைப்பார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். படித்தவர்கள் அதில் பென்சிலில் கருத்து எழுதலாம். பேனா கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள். எந்த எழுத்தாளரை மறுபடி வாங்குவது என்று அவரும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சென்னைக்குப் போய்ப் புத்தகம் எடுக்கிறபோது பதிப்பாளர்கள் அவரைக் கேட்பார்கள். என் பதிப்பாளரும் கேட்பார்.

நான் போனபோதெல்லாம் என் புத்தகம் வெளியே போயிருந்தது. "உங்க பேரும் எழுதி வெக்கட்டுமா? முன்னாடி பத்து பேரு நிக்கறாங்க" என்பார். அந்தக் கதையை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. வேறு பேரில் எழுதியிருந்தேன். வெளியே வந்து மாவு மில் வாசலில் நின்று தனியாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனிலிருந்து வருகிற ஒரு அம்மா, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் கையிலிருந்தே வாங்கிக் கடைசித் தாளைப் பார்த்தேன். பென்சில் எழுத்து இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

'சூப்பர்.' 'டைம் பாஸ்.' 'மந்திரம் தந்திரம் என்று ஆரம்பித்தாலும் குடும்பக் கதை.' 'மாமியார் காலில் விழும் இடத்தில் அழுதுவிட்டேன்.' 'அவ்வளவு சக்தி இருந்தும் எண்பது பக்கம் அடங்கிப் போனாளே, அதுதான் பெண்.' 'கடைசியில் மாமியாரைத் தவளை ஆக்கியது சரி.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'சரியில்லை. பெரியவர்களை அப்படிச் செய்யலாமா?' அதற்கும் கீழே, 'உன் மாமியார் வந்து படிக்கப் போவதில்லை, பயப்படாதே.'

என் கதையில் மாமியாரே இல்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து புரட்டினேன். எண்பதாம் பக்கம் வரை என் கதை. எண்பத்தொன்றில், நான் கேள்வியே படாத ஒரு பெண் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். மாமியார் காலில் விழுந்தாள், மன்னிப்புக் கேட்டாள், சுபம். அதற்குப் பிறகு இரண்டாவது நாவல். முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். எண்பது பக்கத்துக்கு மாமியார் கொடுமை. அதன் எண்பத்தொன்றாம் பக்கத்தில் என் மந்திரக்காரி அரக்கியின் குகைக்குள் நுழைந்தாள்.

நடந்தது இதுதான். இரண்டு புத்தகமும் ஒரே பதிப்பாளர் போட்டது. ஒரே எழுத்து, ஒரே தாள், பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகள். பின்னைப் பிடுங்கிவிட்டுத் தைத்தபோது, இரண்டின் கடைசிக் கட்டும் இடம் மாறிவிட்டது. பக்க எண் சரியாக ஓடியதால் தைத்தவர் கண்ணில் படவில்லை. அது பரவாயில்லை. படித்தவர்கள் கண்ணில் ஏன் படவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

காக்ஸ் டவுன் அம்மாவையே கேட்டேன். "ஏங்க, நடுவுல ஹீரோயின் பேரே மாறுதே, பாக்கலயா?"

"பாத்தேனே. கல்யாணத்துக்கப்புறம் மாத்திட்டாங்க. எங்க எதிர்வூட்டு கொங்கணிக்காரங்க மருமகளுக்கும் அப்படித்தான் மாத்தினாங்க. அவ அம்மா வந்து பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா."

"மொதல்ல மாமியார் கால்ல விழுறா, அதுக்கப்புறம் கல்யாணம் நடக்குதே?"

"ஃபிளாஷ்பேக்குமா. நீங்க சினிமா பாக்க மாட்டீங்களா?"

"கடைசியில அரக்கின்னு வருதே, அது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலயா?" என்றார்.

அவர் போன பிறகு லைப்ரரிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன், நான்தான் எழுதினேன் என்று. கோபமாகத்தான் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கி, எண்பதையும் எண்பத்தொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அடடே. நான்தான் தெச்சேன். அன்னிக்கு கரெண்டு இல்ல."

"பிரிச்சுத் திரும்பத் தைங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? இது என் கதை இல்ல."

"சரி, இல்ல. ஆனா நல்லா போவுதே. உங்க கதையும் தனியா இருந்தா போவாது, அந்த அழுமூஞ்சிக் கதையும் தனியா போவாது. ரெண்டையும் சேத்தா கியூவுல நிக்கறாங்க. இத்தினி வருஷத்துல எனக்கு இப்படி ஒரு புக்கு அமைஞ்சதில்ல."

"படிக்கறவங்கள ஏமாத்தறீங்க."

"யாரும்மா ஏமாந்தாங்க? சந்தோஷமாத்தான படிக்கறாங்க. நீங்கதான் பேஜாராவறீங்க." இத்தனைக்கும் அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு என்ன குறை என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் என்னிடம் இருந்த நல்ல பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தனியாக அட்டை போட்டு, மற்றதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். வைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. முதலில் எடுத்துப் போன பெண் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணா, இதுல பாதிக் கதை இல்ல" என்று சண்டை போட்டாளாம். கடைசித் தாளில் ஒரே ஒரு கருத்து இருந்தது. 'இது சின்னப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பு. பெரியதைப் படிக்கவும்.'

அந்த மாதம் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் பதிப்பாளர் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. ரொம்ப மரியாதை.

"பெங்களூர்ல உங்க புக்கு பிச்சுக்கிட்டுப் போவுதாமே. லைப்ரரிக்காரர் வந்திருந்தார். அந்த மாமியார் மேட்டர் பிரமாதம்மா. அடுத்ததும் அதே லைன்ல குடுத்துடுங்க. மருமக பறந்து போயிட்டா, மாமியா தவளையா கெடக்கு. புருஷன் தேடிட்டு வர்றான்னு ஆரம்பிக்கலாம்."

"சார், என் கதையில மாமியாரே கெடையாது."

"இருக்கேம்மா. நான்தான போட்டேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க படிச்சீங்களா?"

"ப்ரூஃப் பாக்கறவர் படிச்சாரு" என்றார்.

பைண்டிங்கில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அது எப்படி வந்தால் என்ன, ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே எழுதினால் இரண்டாவது மட்டுமில்லை, மாதாமாதம் ஒன்று போடுகிறேன் என்றார். நிழல் விற்கிற தீவைப் பற்றிச் சொன்னேன். "நிழலெல்லாம் எதுக்கும்மா? யாருக்குப் புரியும்?" என்றார்.

ஒரு வாரம் டயம் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில், மடிவாளாவில் வண்டி நிற்கிற நேரமெல்லாம் மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதினேன். புருஷன் படகில் வந்தான். தீவில் இறங்கினான். "வீட்டுக்கு வா, அம்மாவுக்கு முடியலை" என்றான். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் தவளையாகிப் போனான். கதை இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. ஜன்னலோரக்காரி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "அய்யோ, ஹீரோ இப்பதான்க்கா வந்தான், அதுக்குள்ள தவளையா?" என்றாள்.

பதிப்பாளருக்குப் போன் செய்து முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதே தீவு, அதே முறம், அதே ஆடு. வேறு யாரோ எழுதியிருந்தார்கள். முன்பணம் வாங்கியபோது கதை உரிமையை எழுதிக் கொடுத்திருந்தேன், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் கத்தத்தான் முடிந்தது. பூத்தில் நின்று கத்தினேன். மீட்டர் ஓடியது. அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன், "சார் வெளிய போயிருக்கார்" என்றான்.

லைப்ரரிக்காரர் அதை வாங்கி வைத்திருந்தார். எனக்கென்றே எடுத்து வைத்திருந்ததாகச் சொல்லி நீட்டினார், காசு வேண்டாம் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். புருஷன் வந்து கெஞ்சுகிறான், இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரைத் திரும்ப மனுஷியாக்கி, முறத்தில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். இவள் பின்னால் நடந்து போகிறாள். ஆடு பேசுகிற இடங்கள் மட்டும் நன்றாக இருந்தன. என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

கடைசித் தாளில் இன்னும் யாரும் எழுதவில்லை. பென்சிலை எடுத்து எழுதினேன். 'ஆடு நன்றாகப் பேசுகிறது. மற்றதெல்லாம் குப்பை. இவளுக்குக் கோபமே வரவில்லை, இவள் வேறு யாரோ.' லைப்ரரிக்காரர் படித்துப் பார்த்தார். "கெட்ட வார்த்தை இல்ல. இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது எடுத்துப் பார்த்தேன். தாள் பாதி நிறைந்திருந்தது. என் எழுத்துக்கு நேர் கீழே யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். 'மேலே எழுதியிருப்பவருக்கு வயிற்றெரிச்சல். முதல் பாகத்தை இவர் ஒழுங்காகப் படிக்கவில்லை.'

"ரப்பர் குடுங்க" என்றேன்.

"இன்னொருத்தர் எழுதினத அழிக்கக் கூடாதும்மா" என்றார் அவர், தரவில்லை.