செம்பூரில் இரண்டு கீரைப் பாத்திகள்

குர்லாவில் வண்டி மாறிச் செம்பூரில் இறங்கியபோது காலை ஆறரை. மும்பையில் ரயில் பாதையோரம் பயிரிடுகிறவர்களின் முறைகள் விளைச்சலை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்து எழுதுவதற்காகக் கோவையிலிருந்து வந்திருந்தேன். ஒரு வார அலைச்சலில் எங்கும் நிலையாக நிற்க முடியாத பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டிகள் ஓயாமல் போயின. ஒவ்வொன்றும் பேச்சைப் பாதியில் அறுத்தது.

நிலையத்திலிருந்து அரைக் கிலோமீட்டரில், தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே செல்வியின் பாலக் கீரைப் பாத்தி. பக்கத்திலேயே அவர் கணவரின் தம்பி இசக்கியின் பாத்தி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியில் ஒரே சந்தில் தனித்தனி வீடு. ஒரே விதை, ஒரே எரு, ஒரே நாளில் விதைப்பு. இசக்கி சாக்கடை நாலாவிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார். அந்தத் தண்ணீரில் நின்று காலெல்லாம் புண்ணானபின் செல்வி அதை விட்டுவிட்டு, சுவரோரக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். இசக்கியின் கீரை கரும்பச்சையாகத் தழைத்திருந்தது. செல்வியுடையது வெளிறி, முழங்கை உயரம்கூட இல்லை. அளந்தால் வெற்றி எந்தப் பாத்திக்கு என்பதில் சந்தேகமில்லை. சாக்கடைத் தண்ணீர் ஜெயிப்பதுதான் என்னை உறுத்தியது.

அறுத்த கீரையோடு மாட்டுங்கா சந்தைக்குப் போனோம். கட்டு இருபது ரூபாய். வந்தவர்கள் செல்வியின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இசக்கியிடம் நகர்ந்தார்கள். பத்தரைக்குள் அவர் கூடை காலி. செல்வியிடம் பாதி கிடந்தது. அடுத்த விதைப்புக்குத் தானும் நாலாவுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிப்பதாக அவர் என்னிடம் சொன்னார்.

இசக்கி வழக்கம்போல அந்த மிச்சத்தில் இரண்டு கட்டு எடுத்துப் பையில் வைத்தார். வீட்டில் எந்தக் கீரை சமைப்பீர்கள் என்று கேட்டேன். பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“மதினி கீரதான் சார். பிள்ளைங்க திங்கணும்லா.”

கூடையைக் கட்டிக்கொண்டிருந்த செல்வியின் கை நின்றது. மிச்சம் வீணாகக் கூடாதென்று இசக்கி எடுக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். செம்பூர்வரை வண்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மாலையில் மண் மாதிரி எடுக்க மறுபடி பாத்திக்குப் போனேன். நீர் பாய்ச்சும் நேரம். இசக்கி மோட்டாரின் பக்கத்தில் குத்தவைத்திருந்தார், ஓட்டவில்லை.

“கெணத்துல ரெண்டு பாத்திக்குத் தண்ணி காணுமா மதினி?”

செல்வி இறைத்துக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தார். “ஒண்ணுக்கே காணல. இருக்கறதப் பங்கிட்டுக்கிடுவோம்.”

இசக்கி எழுந்து போய்க் கயிற்றை வாங்கினார்.

என் வண்டி கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கோவையில் எங்கள் பக்கத்தில் தண்ணீர் பங்கிட்டால் இரண்டு வயலும் பிழைக்கும். இங்கே இரண்டு பாத்தியும் மெலியும். மாட்டுங்காவில் அந்த வெளிறிய கட்டுகளை யார் வாங்கப்போகிறார்கள் என்ற கேள்வியோடு, இடம் கிடைத்தும் உட்காராமல், கதவோரமே நின்று வந்தேன்.