மடிப்பு பார்க்கிறவன்

பட்டிக்குள் நுழைந்ததும் டார்சி பர்டெல் ஆடுகளின் கழுத்தைத் தடவிப் பார்ப்பான். தோலில் மடிப்பு இருந்தால் விட்டுவிடுவான். மழுமழுவென்று இருப்பதை இழுத்துவந்து முதலில் கம்பளி கத்தரிப்பான். மடிப்பில் மிஷின் சிக்கும், தோல் வெட்டுப்படும், நேரமும் போகும். அதே பட்டியில் ஆடு பிடித்துக் கத்தரிக்கிற நெவ்வுக்குச் சுருக்கம் விழுந்ததுகள்தான் மிஞ்சும்.

"ஏண்டா, எனக்குன்னே பாத்துப் பாத்து விட்டு வெக்கிறியா?" என்பான் நெவ்.

"உன் மூஞ்சிக்கு அதுதான் ஜோடி" என்பான் டார்சி.

கம்பளி கத்தரிக்கிற அந்தக் கொட்டகையில் ஆட்களுக்குப் பதினோரு வருஷமாகச் சமைக்கிறேன். இந்தப் பேச்சு மாறியதில்லை.

டார்சியின் மகள் வில்லாவுக்கு நான்கு மாதத்தில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மனைவி கெரின் குழந்தையை அடிலெய்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எங்கள் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். டார்சி ஏறினான். டாக்டர் கெரினின் போனிலேயே பேசினார். குழந்தையின் மூளை மழுமழுவென்று இருக்கிறது, மடிப்புகளே இல்லை என்பதுவரை கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

டார்சி ஏணியில் சிரித்துக்கொண்டே இறங்கினான். "மடிப்பே இல்லையாம். முதல் ரகம்."

கொட்டகையில் வேலைசெய்த எட்டுப் பேரும் அவன் கையைக் குலுக்கினார்கள். நெவ் முதுகில் தட்டினான். எனக்கும் விவரம் போதாது. ஜாம் வைத்துக் கேக் செய்தேன்.

தேநீர் நேரத்துக்குக் கேக்கை அறுக்கும்போது, முழுதும் கேட்டுவிடலாம் என்று மறுபடி தொட்டி மேல் ஏறினான். இறங்கிவர வெகுநேரமாயிற்று. கேக்கைப் பார்த்தான். நெவ்வைப் பார்த்தான்.

"சில இடத்துல மடிப்பு வேணுமாம்டா" என்றான்.

அதன்பிறகு யார் கேட்டாலும் அவனே விளக்கினான். அதற்கு என் புட்டிங் கிண்ணம் அகப்பட்டது. ஒரு ஆட்டில் கத்தரித்த கம்பளியை முழுசாக அதற்குள் திணித்துக் காட்டுவான். "இவ்ளோ பெருசு இதுக்குள்ள அடங்கணும்னா மடங்கித்தானே ஆகணும்? அது வயித்துக்குள்ளயே நடக்கணும். எங்க பாப்பாவுக்கு நடக்கல. கெரின் தின்னதும் காரணமில்ல, நான் குடிச்சதும் காரணமில்ல." தபால்காரர், ஆட்டு வியாபாரி, பாதிரியார் என்று எல்லோரும் கேட்டாயிற்று. ஒருநாள் கஸ்டர்டில் கம்பளி இழை வந்தது. நெவ் பல்லில் சிக்கியதை இழுத்துப் பார்த்து, நல்ல கம்பளிதான் என்றான்.

வில்லாவுக்குப் பால் புரையேறியது. எடை ஏறவில்லை. அடுத்த மாதமும் ஏறாவிட்டால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். கெரினுக்கு அந்தப் பேச்சே ஆகவில்லை. குழந்தைக்கு ஊட்டச் சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பிஸ்கட் கொடுக்கப் போயிருந்த நானும் அன்று ஒரு மூலையில் நின்றேன். டார்சி நாற்காலியில் கால்களை அகட்டி உட்கார்ந்து, குழந்தையை இரு தொடைகளுக்கு நடுவே இருத்தி, முதுகைத் தன் வயிற்றில் சாய்த்திருந்தான்.

"குழந்தையை ஆடு மாதிரி பிடிச்சிருக்கீங்களே" என்றாள் அந்தப் பெண்.

"பயந்த ஆடுதாம்மா உதைக்கும். சாய்மானம் கெடச்சா அதுபாட்டுக்கு இருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். வில்லா விழுங்கினாள். மறுபடியும் விழுங்கினாள். அந்தப் பெண் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள். பிறகு தானும் தரையில் உட்கார்ந்து, ஒரு தலையணையை ஆடாக வைத்து, அந்தப் பிடியைக் காட்டித்தரச் சொன்னாள். கெரின் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அந்த மாதம் இருநூறு கிராம் ஏறியது.

வில்லாவுக்கு இப்போது இரண்டு வயது. தலை நிற்கவில்லை. இழுப்பு தினம் இரண்டு தரம் வருகிறது. குழாய் இன்னும் வைக்கவில்லை. டார்சி இப்போதும் கழுத்தைத் தடவி, மழுமழுவென்று இருப்பதைத்தான் முதலில் பிடிக்கிறான். மிஷினைப் போடுமுன் அதன் தலையைச் சற்று நேரம் தொடைமேல் சாய்த்து வைத்துக்கொள்கிறான். நெவ் தானாகவே சுருக்கம் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு போகிறான்.