கடைக் கவுண்டருக்கு இஞ்சாலை நிண்டு பாத்த சிசிலி

படம் கழுவுற கடையிலை நிக்கிறவனுக்கு ஊர்ச்சனம் விடுமுறைக்கு எங்கை போய் என்ன கூத்தாடினதெண்டு எல்லாம் தெரியும், வாயைத் திறக்கத்தான் ஏலாது. கவுண்டருக்குப் பின்னாலை பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிற சகோதரங்களே, இது உங்களுக்கு. நான் சுவிசிலை, நொஷாட்டல் யூனிவர்சிட்டியிலை பழங்காலச் சரித்திரம் படிக்கிறன், பின்னேரத்திலை இந்தக் கடை. எண்பத்தாறு பங்குனியிலை எங்கடை வகுப்பு இத்தாலியின்ரை சிசிலித் தீவுக்குப் போறதெண்டு முடிவாச்சு, கிரேக்கர் கட்டின கோயில்கள் பாக்க. அகதி விண்ணப்பக் கடுதாசியோடை நான் எல்லை தாண்டுறதெண்டா பேர்ணிலை இருக்கிற அரசாங்கம் விடவேணும். எழுதிப்போட்டுக் காத்திருந்தன்.

கூரை எங்கை?

சிசிலியிலை எடுத்த செஜெஸ்தாக் கோயில் படத்தைத் தூக்கி எறிஞ்சா ஒரு மதாம். "கூரையை வெட்டிப்போட்டியள்!" "மதாம், அதுக்குக் கூரையே போடேல்லை. ரெண்டாயிரத்து நானூறு வருசமா அரைகுறையாத்தான் நிக்குது." மனிசி என்னை ஏற இறங்கப் பாத்தா.

"சுவிசிலை எண்டா ரெண்டு வருசத்திலை முடிச்சிருப்பினம்."

கத்தி

ஒரு முசியே சிரிச்சுக்கொண்டு வந்தார், ஒரு படத்தைப் பெருப்பிச்சுத் தரட்டாம். பாத்தா, ஆள் கோயில் தூணிலை சுவிஸ் கத்தியாலை தன்ரை பேரை வெட்டிக்கொண்டு நிக்கிறார்! "உங்கடை வீட்டுச் சுவரிலை வந்து நான் இப்பிடிக் கீறட்டோ?" எண்டு கத்தினன். முதலாளி ஓடிவந்து என்னைப் பின்னுக்கு இழுத்தார். முசியேக்கு ஒரு கோவமும் இல்லை.

"நல்ல மெத்தெண்ட கல்லு. நீங்களும் போனா ஒருக்கா வெட்டிப் பாருங்கோ."

அம்மாவுக்கு ஒரு படம்

கடைக் கண்ணாடியிலை சிசிலியின்ரை அக்ரிஜெந்தோக் கோயில் விளம்பரம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. ரெஸ்டாரண்ட் குசினியிலை கோப்பை கழுவுற எங்கடை ஊர் அண்ணை ஒராள் இரவல் கோட்டோடை வந்து அதுக்கு முன்னாலை நிண்டார். "தம்பி, ஒரு படம் எடு. யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப." கோட்டும் பொய், இடமும் பொய், வெக்கமில்லையோ எண்டு சண்டைக்குப் போனன். அவர் காதிலை விழுத்தேல்லை. திரும்பி அந்த உடைஞ்ச தூணுகளை வடிவாப் பாத்தார். கோட்டைக் கழட்டினார்.

"வேண்டாம் தம்பி. அம்மா பாத்தா இஞ்சையும் ஷெல் அடிக்கிறாங்கள் எண்டு நினைப்பா."

எட்டுப் பெட்டி

பேர்ணிலையிருந்து ரெண்டு வரி வந்துது: ஏலாது. அதைக் கொண்டுபோய், வகுப்பைக் கூட்டிப்போற பேராசிரியைக்கு முன்னாலை நிண்டு வாசிச்சும் காட்டினன். "ஐயோ பாவம்" எண்டா. வகுப்பு போச்சுது, வந்துது. ஒருநாள் அவவே கடைக்கு வந்தா, எட்டுப் பெட்டி ஸ்லைட்டும் கவிண்டு கலந்துபோச்சாம். எது எந்தக் கோயில் எண்டு அவவுக்கே பிடிபடேல்லை. நான் ஒவ்வொண்டா வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்து, தூணின்ரை வடிவத்தை வைச்சே ஒரு மணித்தியாலத்திலை பிரிச்சுக் குடுத்தன். ஒண்டும் பிழைக்கேல்லை. அவ வாயைப் பிளந்தா.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் ஏன் எங்களோடை வரேல்லை? காய்ச்சலோ?"

சகோதரங்களே, சிசிலியிலை எந்தத் தூண் எந்தப் பக்கம் விழுந்து கிடக்குதெண்டு கேளுங்கோ, சொல்லுறன். இத்தாலி எல்லைக்கு இஞ்சாலை கடைசியா வாற பிரிக் ஸ்டேசனுக்கு அங்காலை ரயில் எந்தப் பக்கம் திரும்புதெண்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ.