மாதாவின் ஊதா முக்காடு

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் எப்போது முடியும் என்று நெல்லித்தோப்பில் எங்கள் தெருக் கிறிஸ்தவப் பிள்ளைகளெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கும். முடிந்தால் கறிச்சோறு, புதுத்துணி. நான் ஒருத்திதான் அது முடியவே கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தவள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். எவ்வளவு பக்தியான பிள்ளை என்று கோயிலில் உபதேசியார் என்னை மெச்சினார். பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு என் அப்பா வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்பா டெம்போ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கும் வில்லியனூருக்கும் நடுவே ஆள் ஏற்றி இறக்குகிற வண்டி. மற்ற நாட்களில் வண்டியை நிறுத்திவிட்டு நேரே சாராயக்கடைக்குப் போவார். எங்கள் ஊரில் அதற்கு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. ஆனால் தபசு தொடங்குகிற சாம்பல் புதன் அன்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் போதும், கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஈஸ்டர் வரைக்கும் அப்படித்தான். அவருடைய அப்பாவும் அப்படியே இருந்தாராம்.

அந்த நாட்களைத் தூக்கத்தில் கண்டேனா, நிஜமாகவே கண்டேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். வெளிச்சம் இருக்கும்போதே அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மேல் சோப்பு வாசனை வரும். அம்மா ரவிக்கை தைக்கிற மிஷின் சத்தத்துக்கு நடுவே ஏதாவது பாடலை முனகுவார். சில சாயங்காலங்களில் காலி டெம்போவில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு தேங்காய்த்திட்டுப் படகுத்துறைக்குப் போவார். கட்டிக்கிடக்கிற படகுகள் மெல்ல ஆடும். பார்த்துக்கொண்டே இருந்தால் படகு நிற்கிறது, நாங்கள்தான் ஆடுகிறோம் என்று தோன்றும். அப்படியே பின்சீட்டில் தூங்கிப்போவேன். கண் விழித்தால் வீட்டில், பாயில் கிடப்பேன்.

கோயிலில் கடைசி இரண்டு வாரம்தான் சுரூபங்களை, அதாவது சாமி சிலைகளை, ஊதாத் துணியால் மூடுவார்கள். அம்மாவுக்கு அது போதாது. தைத்து மிஞ்சிய ஊதா லைனிங் துணியை எடுத்து, எங்கள் வீட்டு மாதாவைச் சாம்பல் புதன் அன்றே மூடிவிடுவாள். ஈஸ்டர் காலையில் எடுப்பாள். மத்தியானம் பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு கையில் ஆட்டுக்கறியும் இன்னொரு கையில் பேப்பர் சுற்றிய பாட்டிலுமாக வந்து நிற்பார். அதோடு என் அப்பா போய்விடுவார். முந்தின வருஷம் ஈஸ்டர் வாரத்தில் அவர் விசிறியடித்த சோற்றுத் தட்டின் குழம்புக்கறை இன்னமும் சுவரில் இருந்தது. அம்மா அதன் மேல் கோயில் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள்.

ஆக, சின்ன மண்டைக்கு ஒரு கணக்கு விளங்கியது. துணி இருக்கிறவரைக்கும் தபசு. தபசு இருக்கிறவரைக்கும் அப்பா. அந்த ஈஸ்டர் அன்று அம்மா துணியை எடுத்து மடித்து மிஷின் டிராயரில் வைத்துவிட்டுக் கறி மசாலா அரைக்கப் போனாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி, மாதாவின் தலையில் அதை மறுபடி போட்டுவிட்டேன்.

“ஏண்டி, ஆண்டவரு உயிர்த்துட்டாரு, ஊரே சந்தோஷமா இருக்குது, நீ மாதாவுக்கு முக்காடு போடுறியே! பாவம்டி,” என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம். அடி தப்பியது.

மாமா பாட்டிலை மேசையில் வைத்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். 

“இன்னும் துணியே எடுக்கல போலருக்குதே. அது எடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம் மச்சான்,” என்றார் அப்பா.

“அடப் போ மாப்ள! ஆண்டவரே கல்லறைய விட்டு வெளிய வந்துட்டாரு, நீ இன்னும் உள்ளயே கெடக்கிறியே!” என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் எழுந்து வெளியே போய் டெம்போவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். போகும்போது மாமா பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். அடிக்கவில்லை.

அதற்காக மாதாவை அப்படியே விட்டுவிடுவாளா? மறுநாள் காலை, உயிர்ப்புக் காலத்தில் இது ஆகாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே துணியை எடுத்து டிராயரில் வைத்தாள். நான் அழுது பார்த்தேன், நடக்கவில்லை. அன்று மத்தியானம் வந்து பார்த்தால் மாதாவின் தலையில் முக்காடு! சத்தியமாக நான் போடவில்லை. அம்மா என்னை முறைத்தாள்; எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாதாவே போட்டுக்கொண்டாள் என்று நம்பினேன். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிப்போனது. காலையில் அம்மா எடுப்பாள். மத்தியானம் முக்காடு தானாக வந்துவிடும். அப்பா சாயங்காலம் நேரே வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடந்த நேரம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண் செருகிக் கிடந்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பாதித் தூக்கத்தில் பார்க்கிறேன், ஸ்டூல் மேல் அப்பா. சாப்பாட்டுக்கு வந்தவர், காக்கிச் சட்டைகூட மாற்றவில்லை. டிராயரிலிருந்து எடுத்த துணியை மாதாவுக்குப் போட்டு, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை சொருகுகிற மாதிரி ஓரங்களைச் சொருகிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. “இன்னிக்கு ஒருநாளு, தாயே. இன்னிக்கு ஒருநாளு,” என்று அவர் உதடு முணுமுணுத்தது.

அட, அப்பா என்னோடு விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்! மாதா போடவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றம்கூட. சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அம்மாவும் குடத்தோடு வந்து வாசல்படியிலேயே நின்றிருக்க வேண்டும். அப்பா ஸ்டூலை விட்டு இறங்கிய பிறகுதான் அவள் வளையல் சத்தம் கேட்டது. மறுநாள் காலை அவள் துணியை எடுத்தாள், ஆனால் டிராயரில் வைக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து, பிரிந்துகொண்டிருந்த ஓரத்தை மடித்து அடித்து, சுற்றிலும் பொன்நிற லேஸ் வைத்துத் தைத்தாள். தைத்துத் தானே மாதாவுக்குப் போட்டாள். கடைசியில் அம்மாவும் என் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

மே மாதம் வந்தது, மாதாவின் மாதம். வீடு வீடாக ஜெபமாலை சொல்ல வருகிற எங்கள் கோயில் பங்குப் பெண்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மெழுகுவர்த்தி கொளுத்தப் போன ஒரு அக்காள், மாதா இருந்த பீடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாக்கா இது, கூத்தா இருக்குது? தபசு முடிஞ்சு எம்மா நாளாச்சு! இன்னுமா மாதா முக்காடு போட்டுனு இருக்கா?”

மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கோயிலில் பாடல் முதலடி எடுத்துக் கொடுப்பவள் அம்மா; ஒரு சடங்கு பிசகினால் தாங்கமாட்டாள். வெட்கத்தில் துணியைப் பிடுங்கிவிடுவாளோ என்று நான் பயந்துபோனேன்.

அம்மா தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முழந்தாளிட்டாள். “எங்க வூட்ல இன்னும் முடியலம்மா. நீங்க ஆரம்பிங்க,” என்றாள்.

வாசலில் அப்பா டெம்போவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். ஜெபமாலை முடிகிறவரைக்கும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே தோள் துண்டை எடுத்து முகத்தையும் துடைத்துக்கொண்டார். பளிங்கு மாதிரி இருந்த கண்ணாடியை இந்த அப்பா ஏன் இப்படி விடாமல் துடைக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.