பொன்னாடையும் வியன்னாப் பேராசிரியரும்

பாரிசில் ஆஸ்திரியாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆராயும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் நான் ஒருத்திதான் தமிழச்சி. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமான் வாங்கப் போனால் கடைக்கார அண்ணை இன்றைக்கும் கேட்பார்: "ஏன் பிள்ளை ஆஸ்திரியா? அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

பழைய வியன்னாவின் செங்கல் சூளைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த செக் மக்களைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தேன். நகரத்தின் பாதி அவர்கள் சுட்ட கல்லில் எழுந்தது. அவர்கள் பேச்சைக் கேட்டால் நகரம் முகத்தைச் சுளித்தது. எனக்கு நன்றாக விளங்கிய கதை. ஆண்டுக் கூட்டத்துக்கு வியன்னாவிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் வருகிறார், அவர் உரைக்குப் பிறகு உங்கள் கட்டுரையை வாசியுங்கள் என்றார் சங்கத் தலைவர். பேராசிரியருக்குப் பிடித்தால் அது புத்தகமாகும். பல வருடம் காத்திருந்த வாய்ப்பு.

என் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. கூட்டத்துக்காக லீவு போட்டவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தூர இடத்திலை இருந்து வாற மனிசன். ஒரு பொன்னாடை போர்த்தாமல் என்ன கூட்டம்?"

நியாயமாகத்தான் பட்டது. லா சப்பலின் ரூ பெர்தொனே தெருப் புடவைக்கடையில் சரிகைக்கரை போட்ட ஒன்றை எடுத்தோம். "தலைவர் மனசு நோவாரே" என்றார் கணவர். இன்னொன்று எடுத்தோம். பிறகு செயலாளர் நினைவுக்கு வந்தார், முன்னாள் தலைவரும் வந்தார்.

பாரிசின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு வாடகை மண்டபம். பேராசிரியர் பொன்னாடையைத் தடவித் தடவிப் பார்த்தார். பூரித்துப்போய், எழுதி வந்த உரைக்கு முன்னால் நீளமாக ஒரு நன்றியுரை ஆற்றினார். உரை முடிந்ததும் மற்றவர்களுக்கும் போர்த்தினோம். ஒவ்வொருவரும் எழுந்து 'இரண்டு வார்த்தை' பேசினார்கள். முன்னாள் தலைவரின் இரண்டு வார்த்தையில் ஒரு பேரரசே எழுந்து வீழ்ந்தது. இது நம் ஊர்ச்சங்கங்களின் வியாதி என்றே இதுவரை நினைத்திருந்தேன். வியாதி பொன்னாடையில் இருக்கிறது போலும்.

மண்டபத்துக்குப் பொறுப்பானவர் காலி வரிசைகளின் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார். தலைவர் என் பக்கம் திரும்பி, நேரமின்மையால் கட்டுரையை வாசிக்க முடியாது என்று வருந்தினார். ஆனாலும் இந்த மாலையின் மறக்க முடியாத பங்களிப்பு என்னுடையதுதானாம். இனிமேல் விருந்தினர் வரவேற்புக்கு நானே பொறுப்பு என்று அறிவித்தார். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார்.

கட்டுரைத் தாள்கள் என் மடியில் கிடந்தன. ஆத்திரமும் அவமானமுமாக அவற்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். கடைசி வரிசையிலிருந்து என் கணவர் கைதட்டியபடியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீரே, ஒரு வார்த்தை பேசாமலே உம்மைக் கமிற்றியிலை போட்டிட்டினம்!"