தகரத்துக்கு முன்னால் அகத்தி

தேவதானப்பட்டியில் பிச்சைமணி நாற்றுப்பண்ணை எங்கே என்று கேட்டால் பஸ் கண்டக்டரே கை நீட்டிக் காட்டுவார். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் படித்தவர்கள் நட்டுப் பட்டுப்போன மரங்களைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் நான் நட்டுத் தழைக்க வைத்திருக்கிறேன். இந்த மாவட்டத்துக் கல்யாண மண்டபங்களிலும் காலேஜ்களிலும் நிழல் தருகிற மரங்களில் பாதி என் பண்ணையில் முளைத்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இங்கே எழுத வந்தது மொக்கம்மாளைப் பற்றி.

மொக்கம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து சின்னமனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கூலிக்குப் போனவள். புருஷன் இறந்த பிறகு, பண்ணைப்புரத்துக்குத் தெற்கே ஒரு தெருவின் கடைசி ஓட்டு வீட்டில் மூன்று ஆடுகளோடு இருந்தாள். இருபத்திரண்டு வீட்டுத் தெரு. எல்லா வாசலும் மேற்கே மலையைப் பார்த்தவை.

அந்த வாசல்களுக்கு எதிரே ஒரு கம்பெனி வாழைக்காய் வைக்கிற குளிர்பதனக் கிடங்கைக் கட்டியது. இருபத்தெட்டு அடி உயரம், நானூறு அடி நீளம், முழுக்க வெள்ளைத் தகரம். காலை வெயில் அதில் பட்டு வீட்டுக்குள் திரும்பி அடித்தது. ஜனங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பல் தேய்த்தார்கள். தெருவே சேர்ந்து மனுக் கொடுத்தது. வீட்டு வாசல்களுக்குக் கிடங்கு தெரியாதபடி மறைத்தால்தான் திறக்கலாம், கார்த்திகை முதல் தேதி வந்து பார்ப்போம் என்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். கிடங்கின் மேனேஜர் ஜஸ்டின் என்னைத் தேடி வந்தார். வேறு யாரைத் தேடுவார்?

பத்தடி உயர மரங்களாக முந்நூற்று நாற்பது கொண்டுபோய் இறக்கினேன். கம்பெனி வரைபடத்தில் இருந்தபடி தகரச் சுவரை ஒட்டி வரிசையாக நட்டோம். மொக்கம்மாள் ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

“அண்ணே, இதெல்லாம் பையில வளந்ததா?”

“ஆமா தாயி. ஒவ்வொண்ணும் மூணு வருசத்து மரம்.”

“பைக்குள்ள வேரு சுருண்டுல்ல கெடக்கும். ஆடிக் காத்துக்கு நிக்காதுண்ணே.”

“ஏத்தா, நான் நட்ட மரம் நாலு வழிச் சாலையில லாரிக் காத்துக்கே அசையாம நிக்குது.”

“லாரி போயிரும். எங்க ஊருக் காத்து எங்கண்ணே போகும்?”

என் ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் தேவதானப்பட்டி மலை மறைவில் இருக்கிற ஊர். பண்ணைப்புரத்துப் பக்கத்துக் காற்றை வந்து போகையில் பார்த்திருக்கிறேனே தவிர, அதற்குள் குடியிருந்ததில்லை. ஆடி இரண்டாம் வாரம் மலையை விட்டு இறங்கிய காற்று, கிடங்கின் இரண்டு மூலைகளையும் சுற்றிக்கொண்டு வந்து அடித்தது. நான்கே நாளில் இருநூறு மரம் படுத்துவிட்டது. மிச்சம் இலை கருகிக் கம்பாக நின்றது. ஐம்பது வருஷத் தொழிலில் எனக்கு அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஜஸ்டின் மரத்தை வெறுத்துவிட்டார். “போதும் பெரியவரே. வேலியோரமா இருபதடிக்கு இன்னொரு தகரம் அடிச்சு மறைச்சிருவோம். பெரிய ஆபீஸ்ல சரின்னுட்டாக.”

கிடங்கின் வேலிக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே இருபதடிதான். அங்கே தகரம் எழும்பினால் மலைக்காற்று நின்றுபோகும், அனல் இன்னும் கிட்டே வரும்.  மொக்கம்மாள் அவரைக் கூப்பிட்டாள்.

“சாரு, இங்கன என் வாசப்படியில வந்து நில்லுங்க.”

அவர் வந்து நின்றார். அவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இப்பக் குடோன் தெரியுதா?”

“தெரியல.”

“இதே எலையக் கொண்டுபோயி அந்தத் தகரத்துல ஒட்டுனா மறைக்குமா? மறைக்கிறத நீங்க அங்கன வச்சீக. இங்கன வைங்க. வேலியோரம் நாலடிக்கு மண்ணக் கொட்டி மேடாக்கி, அகத்தி வெதைங்க. தொண்ணூறு நாள்ல ஆள் மறையும்.”

ஜஸ்டின் என்னைப் பார்த்தார். நான் அந்த வாசப்படியில் ஏறி நின்று ஒரு தடவை பார்த்தேன். காற்று விட்டுவைத்திருந்தாலும், சுவரை ஒட்டி நின்ற என் பத்தடி மரம் பாதியைக்கூட மறைத்திருக்காது. என் கண் போட்ட அளவு இதுவரை பிசகியதில்லை. மேடும் செடியுமாகப் பன்னிரண்டடி வந்துவிட்டால் மொத்தக் கிடங்கும் மறைந்துபோகும்.

“இந்தம்மா சொல்றதுக்கு நான் பொறுப்பு,” என்றேன்.

“கார்த்திகை ஒண்ணாம் தேதி மறையலைன்னா, மறுநாளே தகரம் ஏறும்,” என்றார் ஜஸ்டின்.

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் மலைமாதிரி கிடந்தது. அதை வேலியோரம் மேடாக்கினோம். முழத்துக்கு ஒரு விதை போடலாம் என்றேன். அவள் சாணுக்கு ஒன்று என்று மூன்று வரிசை போட்டாள். நெருக்கமாக இருந்தால்தான் வெளிச்சம் தேடி மேலே ஓடும் என்றாள். ஓடத்தான் செய்தது.

அகத்தியில் ஒரு சங்கடம் உண்டு. ஆடும் தின்னும், மாடும் தின்னும், மனுஷனும் தின்பான். அந்தத் தெருவில் நாற்பது ஆடு இருந்தது. விதைத்த அன்றைக்கே மொக்கம்மாள் தன் மூன்று ஆடுகளையும் வேனில் ஏற்றிக் கடமலைக்குண்டிலுள்ள தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு நல்லகண்ணுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“ஆட்ட அனுப்பிட்டுச் செடிக்குக் காவலா அத்தே? ஊரு சிரிக்குது.”

“எம் ஆடு கடிச்சா, உன் ஆட்ட எந்த வாயால வெரட்டுவேன்? சிரிச்சிட்டுப் போயிக் கட்டிப் போடு.”

அவன் கட்டிப் போட்டான். அவன் கட்டியதும் மற்றவர்களும் கட்டினார்கள். மூன்று வேளையும் மேட்டோரம் குச்சியோடு நடந்தாள். சோற்றுத் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

பெரிய சோதனை புரட்டாசி அமாவாசை. அன்றைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கவேண்டும் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்துவிட்டார்கள்.

“மாட்டுக்கு ஒரு கைப்பிடி தாறது புண்ணியம். அதயும் மறிக்கிறியே பெரியம்மா,” என்றாள் அபிதா என்கிற பெண்.

“புண்ணியம் கீழ்க்கெளையில இருக்கு. நான் ஒடிச்சுத் தாறேன். நுனியில ஒருத்தர் கை படக்கூடாது.”

ஆளுக்குக் கொஞ்சமாக அவளே ஒடித்துக் கொடுத்தாள். கூட்டம் குறையவில்லை. அந்த நேரம் பார்த்து என் வேன் வந்து நின்றது. பண்ணையிலிருந்து நான்கு மூட்டை கீரை ஏற்றிவந்திருந்தேன். அமாவாசையன்று அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டி யோசித்த ஆள் இந்தப் பிச்சைமணி ஒருவன்தான். நுனி தப்பியது.

ஐப்பசி மழையில் மேடு ஒரு இடத்தில் கரைந்து, பத்தடி நீளத்துக்குச் செடி சரிந்துவிட்டது. மொக்கம்மாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, தென்னை மட்டையை அண்டக்கொடுத்து மண் அணைத்து, விழுந்த இடத்தில் மறுபடி விதைத்தாள்.

கார்த்திகை முதல் தேதி அதிகாரிகள் இரண்டு பேர் சாயங்காலம் வந்தார்கள். வெயில் கிடங்குக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அப்போதே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மொக்கம்மாள் விடவில்லை.

“இந்நேரம் பாத்து என்னங்கய்யா செய்ய? வெயிலு எங்க மூஞ்சியில அடிக்கிற நேரத்துல வந்து பாருங்க.”

 கையில் வந்த காரியத்தை இப்படித் தள்ளிப் போடுகிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர்களை நிற்கச் சொன்னாள், பிறகு உட்காரச் சொன்னாள். இருபது வாசலில் பச்சையும் அதற்கு மேலே மலையும்தான் தெரிந்தன. மேடு கரைந்த இடத்துக்கு எதிரே இரண்டு வாசலில் மட்டும் தகரம் பளிச்சென்று அடித்தது. ஜஸ்டின் அதைக் கை காட்டினார்.

அவள் மழுப்பவில்லை. “ஆமா, இங்கன மறைக்கல. மறைக்கலைன்னே எழுதுங்க. மறு வெதை மொழங்கால் ஒசரம் வந்திருச்சு. தை பொறக்கவும் இந்த ரெண்டு வாசலுக்கு மட்டும் வாங்க.”

பெரிய அதிகாரி அவள் சொன்னபடியே எழுதினார். தகரம் வேண்டாம், தை மாதம் மறுபார்வை என்று கடைசியில் சேர்த்தார். அவர் கையெழுத்துப் போடுகையில் திரும்பிப் பார்த்தேன், மொக்கம்மாள் அங்கே இல்லை. மண்வெட்டியோடு அந்தப் பத்தடி மேட்டில் ஏறியிருந்தாள்.

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன்.