பாலத்துக்கு இந்தப் பக்கம்

மேவிஸ் டஃபின் எண்பத்தெட்டு வருடம் இங்கிலாந்தில் நெதர்கோம் என்ற எங்கள் கிராமத்தில் வாழ்ந்தாள். சாகும்போது மட்டும் அங்கே இல்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நாற்பது வீடுகள். பழைய பள்ளி, பழைய தபால் நிலையம், பழைய பட்டறை என்று வாசல்களில் பலகை தொங்கும். எது செத்ததோ அதன் பெயர்தான் வீட்டுக்கு. மேவிஸின் அப்பா பண்ணையாரின் தொழுவத்தில் பால் கறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பண்ணையாரின் சர்ச்சில் உட்கார வேண்டும் என்பது வேலையோடு வந்த நிபந்தனை. அவரோ ஓடைக்கரையில் கூலிக்காரர்கள் கட்டிய ஜெபக்கூடத்துக்குப் போனார். மாதம் முடிவதற்குள் பண்ணை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆறு வயது மேவிஸ் கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். அதன்பின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர சர்ச் படி ஏறியதில்லை.

பள்ளி மூடும்வரை அங்கே சமையல்காரி. நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பரிமாறும்போது அழுத குழந்தையிடம், "அழுதா உப்பு கூடிரும், சாப்பிடு" என்பாள். அவள் கணவன் ரெஜ் வேலி வெட்டுபவர்.

எங்கள் ஜெபக்கூடத்துக்கென்று இடுகாடு கிடையாது. அதனால் ரெஜையும் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில்தான், யூ மரத்தடியில் புதைத்தோம். அன்று பழைய பாதிரியார் பக்கத்துப் புல்லைக் காலால் தட்டி, "இது உனக்கு, மேவிஸ்" என்றார். அவள் அதை நம்பினாள். காகிதம் எதுவும் கேட்கவில்லை. பாதிரியாரும் போய்ச் சேர்ந்தார்.

இடுப்பு உடைந்ததும் மேவிஸை டவுனில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவள் இருந்த வாடகை வீடு வேறொருவருக்குப் போயிற்று. அந்த வருடம்தான் லண்டனிலிருந்து வந்து குடியேறிய ஹாலம் என்பவர் சர்ச் பொறுப்பாளரானார். தோட்டத்தில் மிச்சமிருப்பது கொஞ்சம் இடம். ஊரில் குடியிருப்பவர், ஊர் எல்லைக்குள் சாகிறவர், சர்ச் பட்டியலில் பெயர் உள்ளவர், இவர்களுக்கு மட்டும்தான் என்று சட்டத்தை நோட்டீசாக ஒட்டினார். நான் பட்டியலில் பெயர் சேர்க்கும் பாரத்தை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

"கையெழுத்துப் போடு மேவிஸ். ஒரு கோடுதான்."

"எதுக்கு?"

"ரெஜ் பக்கத்துல படுக்கணும்னா இது வேணும்."

"எங்கப்பனை வீட்டை விட்டு வெரட்டுனவங்க பட்டியல்ல நான் பேரு எழுதணுமா? போடி அங்கிட்டு."

"பண்ணையார் செத்து அம்பது வருசம் ஆச்சு."

"அவரு செத்தாரு. அவரு பெஞ்சு அங்கேயேதான் கெடக்கு."

பாரத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்குக் கீழே செருகச் சொன்னாள். செருகினேன். பிறகு கேட்டாள்.

"ஊருக்குள்ள செத்தா கேள்வி கெடையாதுல்ல?"

"கெடையாது."

"அப்ப ஒன் முன்னறையில எடம் இருக்கா ஐவி?"

"எத்தனை நாளைக்கு?"

"அது என் கையிலயா இருக்கு? சீக்கிரம் முடிக்கப் பாக்கறேன்."

முப்பத்தாறு வருடம் நர்ஸாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள் நான். கட்டில் போட்டேன். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தேன். வாயை ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இன்னொன்றும் செய்தேன்: இல்லத்தில் இருந்த படுக்கையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றேன். எனக்கும் எழுபத்தாறு வயது. நான் விழுந்தால் அவளை யார் பார்ப்பது?

ஐந்து வாரம் போனது. எங்கள் ஊருக்கு வியாழக்கிழமை மட்டும் பஸ். அன்று மாத்திரை வாங்கப் போனேன். அவளுக்கில்லை, என் ரத்த அழுத்தத்துக்கு. துணைக்கு ஃபிலிப்பாவை உட்காரவைத்தேன். ஜெபக்கூடத்தை வாங்கி, பிரசங்க மேடையில் அடுப்பு வைத்துக் குடியிருப்பவள். நல்ல பெண்.

மேவிஸ் கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்னம்மா, எங்கப்பன் முழங்கால் போட்ட எடத்துல முட்டை பொரிக்கிறியாமே?"

ஃபிலிப்பா சிரித்தாள். வேறென்ன செய்வாள்.

"மூச்சு விட்டுவிட்டு வந்தா பயப்படாதே. கையைப் பிடிச்சுக்க. யாரையும் கூப்பிடாதே," என்று அவளிடம் சொன்னேன். குளிர்பெட்டியில் ஒட்டிய தாளைக் காட்டவில்லை. கண்ணில் படும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது, ஊர் எல்லையான பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. குறுகிய சாலை. எங்கள் பஸ் பின்னால் நகர்ந்து ஒரு வயல் வாசலுக்குள் ஒதுங்கி வழிவிட்டது.

"யாரோ பெரிய ஆளு போல," என்றார் டிரைவர்.

ஃபிலிப்பா என் வாசலிலேயே நின்றிருந்தாள். "தொண்டையில கரகரன்னு சத்தம் வந்துச்சு ஐவி. என்னால சும்மா பாத்துட்டு இருக்க முடியல."

அவளைத் திட்டவில்லை. கெட்டிலை வைத்தேன்.

மேவிஸ் ஆம்புலன்சிலேயே போய்விட்டாள். பாலம் தாண்டி நாலாவது மைலில் என்று எழுதியிருந்தார்கள். நேரமும் குறித்திருந்தார்கள். மறுத்துப் பேச வழியில்லை.

ஹாலமிடம் போனேன்.

"எனக்கும் வருத்தம்தாங்க," என்றார். "ஆனா ஊருக்குள்ள சாகல. பட்டியல்ல பேரும் இல்ல."

"அஞ்சு வாரம் என் வீட்டுல இருந்தா."

"அவங்க படுக்கை இன்னும் இல்லத்துல அவங்க பேருலதான இருக்கு? இங்க விருந்தாளியாத்தான் வந்திருந்தாங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும்னா யாரு? மத்தவங்க ஏற்கெனவே அங்கதான படுத்திருக்காங்க."

அவர் டீ குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை.

டவுன் இடுகாட்டில், டயர் கடைக்குப் பின்னால் புதைத்தோம். ஐந்து பேர் வந்தோம். ஃபிலிப்பா லில்லிப்பூ கொண்டுவந்தாள். மேவிஸுக்கு லில்லி வாசம் ஆகாது.

மார்ச் மாதம் பழைய பட்டறை வீட்டுக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து இறந்தார். ஊருக்கு வந்து இரண்டு வருடம். அவரை யூ மரத்தடியில், ரெஜுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். விதிப்படி எல்லாம் சரி. அந்தச் சாவுக்கும் நான்தான் சாண்ட்விச் செய்துகொடுத்தேன்.

எல்லோரும் போனபின் ஹாலமிடம் பட்டியல் பாரம் கேட்டேன்.

"நீங்க ஜெபக்கூடத்து ஆளாச்சே?"

"என் இடுப்பும் ஒருநாள் ஒடையும்."

பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். ஒரு கோடுதான்.